கெட்டிக்கை ஆதிகேசவன்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆதிகேசவன் வீடு எது என்று கேட்டால், எந்த ஆதிகேசவன் என்று திருப்பிக் கேட்பார்கள். கெட்டிக்கை ஆதிகேசவன் என்று சொல்லிவிட்டால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். அவர் தறியில் உட்கார்ந்து பலகையை இழுத்து ஒரு அடி அடித்தால், குறுக்கே ஓடின ஊடை இழை முந்தின இழையோடு போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர் நெய்த புடவையில் கொசுவம் வைத்தால் அது கலையாது. கட்டினவள் உட்கார்ந்த பிறகும் புடவை நின்றுகொண்டிருக்கும் என்று தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். பட்டுக்கடை முதலாளி சீனிவாசன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தே இது ஆதிகேசவன் கை என்று சொல்லிவிடுவார். கல்யாணப் புடவை என்றால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும்.

அந்தக் கையோடு இன்னொன்றும் பிறவியிலேயே அவருக்கு வாய்த்திருந்தது. அடுத்தவனை யாராவது நாலு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு முருங்கை நன்றாகக் காய்த்தால் இவர் வீட்டில் முருங்கைக்காய் சமைக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பெரியவர் காலமானபோது, சாவு ஊர்வலம் தெரு முழுக்க அடைத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "செத்தவன் மேலயுமா?" என்று மனைவி காமாட்சியம்மாள் கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவு கூட்டம் வருகிற அளவுக்கு அந்த மனிதர் என்ன செய்து கிழித்துவிட்டார் என்றுதான் கேட்டார்.

ஊரில் அவர் பொறாமைப்படாத ஆள் ஒரே ஒருவன் இருந்தான். தெருக்கோடியில், கால்வாயை ஒட்டிக் கூரை போட்டுக்கொண்டிருந்த சிட்டிபாபு. அவனுடைய அப்பா தாமல் ஏரிக்கரை வயல்களில் கூலிக்குப் போனவர். சிட்டிபாபு எங்கோ ஒரு கதர் நிலையத்தில் நெசவு கற்றுக்கொண்டு வந்து, ஒற்றைத் தறியில் பருத்தித் துண்டு நெய்து விற்றுக்கொண்டிருந்தான். அவன் துண்டு வழியாகப் பார்த்தால் எதிரில் வருகிற ஆள் யார் என்று தெரியும். மோர் வடிகட்ட ஆகும், வேறு எதற்கும் ஆகாது என்று பட்டு நெசவாளிகள் சிரிப்பார்கள். ஆதிகேசவன் கொஞ்சம் பலமாகவே சிரிப்பார். ஆனாலும் அவனைக் கண்டால் அவருக்கு ஒரு பிரியம். வழியில் பார்த்தால் நின்று வெற்றிலை கொடுப்பார். பொறாமைப்பட ஒன்றுமே இல்லாத ஒரு மனிதனைப் பார்ப்பது மனசுக்கு எவ்வளவு சுகம் என்பது அவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சுகத்துக்கும் அறுபத்தைந்தாம் வருஷம் வேட்டு வைத்தது.

அந்த ஆவணி மாசம் பாகிஸ்தான் யுத்தம். டீக்கடை ரேடியோவுக்கு முன்னால் தறிக்குப் போக வேண்டியவர்கள் எல்லாம் கூட்டமாக நின்றார்கள். மெட்ராஸிலிருந்து ஒரு நிவாரணக் கமிட்டி சார்பில் ஒரு பெண் டாக்டர் ஜீப்பில் வந்து, கோயில் மண்டபத்தில் நெசவாளிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணி போதவில்லை, ஜவான்கள் வந்து குவிகிறார்கள், நீங்கள் மனசு வைத்தால் நெய்து கொடுக்கலாம், நூல் நாங்கள் தருகிறோம் என்றார். முதலில் எழுந்து நின்றவர் ஆதிகேசவன். தேசபக்தியும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாராவது முந்திக்கொண்டுவிடுவார்களோ என்ற பதைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

தறியில் இருந்த பட்டை அப்படியே நிறுத்திவிட்டு, உள்ளே சும்மா கிடந்த இன்னொரு தறியில் பருத்தி நூலை நெடுக்கே பாவாக ஏற்றினார். ராணுவத்துக்குப் போகிற துணி, லேசுப்பட்டதா? பட்டுக்கு அடிக்கிற அடியைவிட ஒரு பங்கு கூடவே அடித்தார். இரண்டு பக்கமும் காவி, பச்சை என்று கரை கட்டினார். நெய்து முடித்ததும் கஞ்சி போட்டு, காயவைத்து, தேய்த்து மடித்தார். பெஞ்சின் மேல் போட்டால் தகடு போல் நின்றது. தெருவே வந்து பார்த்தது. அடிபட்டவன் இதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கே போகலாம் என்றார்கள். ஆதிகேசவன் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா மறுபடி வந்த அன்று அந்தத் துணியைக் கையில் வாங்கினார். டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. டாக்டரம்மா தன்மையாகத்தான் சொன்னார்: இது மிக நல்ல துணி, ஆனால் காயத்தில் கட்டினால் ரத்தத்தை உறிஞ்சாது, காற்றும் போகாது, கரையின் சாயம் புண்ணில் இறங்கும். சொல்லிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில், தூணோரமாக நின்ற சிட்டிபாபுவின் தோளில் கிடந்த துண்டு பட்டது. அதைக் கேட்டு வாங்கி மிச்சத் தண்ணீரை ஊற்றினார். துண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

"இதை யார் நெய்தது?" என்று கேட்டார்.

சிட்டிபாபு ஏதோ தப்புப் பண்ணிவிட்டவன் போலக் கையைத் தூக்கினான்.

அன்று ஆரம்பித்தது ஆதிகேசவனுக்கு வயிற்றெரிச்சல். அதுவரை பட்டதெல்லாம் பொறாமையே இல்லை, விளையாட்டு என்று சொல்லும்படியான எரிச்சல். சிட்டிபாபு வீட்டுக்கு நூல் மூட்டை வந்து இறங்கியது. அவன் நெய்யும் துணியைக் கிழித்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, காயவைத்துச் சுருட்ட அவன் பெண்டாட்டி அம்சாவுக்குக் கை போதவில்லை என்று தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் கால்வாய்ப் பக்கம் போனார்கள். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் போனார்கள். காமாட்சியம்மாளே போனாள். போய்விட்டு வந்து, துணி எவ்வளவு நன்றாக வருகிறது என்று வேறு சொன்னாள். பையன்கள் அவனுக்கு மிலிட்டரி சிட்டிபாபு என்று பேர் வைத்தார்கள். மோர் வடிகட்டி மிலிட்டரி ஆகிவிட்டது. தன் கெட்டிக்கை மேலேயே ஒருவன் எச்சில் துப்பிவிட்ட மாதிரி இருந்தது ஆதிகேசவனுக்கு.

காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய், சிட்டிபாபுவின் தறிக்கயிறு அறுந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பாதி வேண்டுதலில்தான் அந்தத் தறியில் ஓடுவது ஜவானுக்குப் போகிற துணி என்பது உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வேண்டுதலை மாற்றினார். யுத்தமே நின்றுவிட வேண்டும், நின்றுவிட்டால் துணியும் வேண்டாம், சிட்டிபாபுவும் வேண்டாம். கண்ணில் நீர் வழிய அவர் நின்ற நிலையைப் பார்த்த குருக்கள், நாட்டுக்காக இப்படி உருகுகிறவரை நான் பார்த்ததில்லை என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் நின்றும் போனது. அம்மன் தன் பக்கம்தான் என்று ஆதிகேசவன் மறுபடி வெற்றிலை போட ஆரம்பித்தார். ஆனால் அடுத்த வாரமே ஜீப் வந்தது. சண்டைதான் நின்றிருக்கிறது, புண் ஆறவில்லை, இனிமேல்தான் நிறையத் துணி வேண்டும் என்றார் டாக்டரம்மா. சிட்டிபாபு வீட்டுப் பின்னால் கொட்டகை போட்டு மேலும் சில தறிகள் வைத்துத் தருவதாகவும், ஆள் சேர்ப்பது அவன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சிட்டிபாபு வீடு வீடாக வந்தான். பாவு சுற்றுகிறவர்கள், சும்மா இருந்த கிழவர்கள், துண்டு வேட்டி நெய்கிறவர்கள் என்று ஆள் கேட்டான். ஆதிகேசவன் வாசலில் தயாராக நின்றிருந்தார். அவன் கேட்க வேண்டும், தான் கொஞ்சம் பிகு பண்ண வேண்டும், பிறகு போனால் போகிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் எல்லாம் தீர்மானம் பண்ணி வைத்திருந்தார். அவன் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தான். இவரே கூப்பிட்டு, என்னைக் கேட்கவில்லையே என்றார்.

"நீங்க வேணாம்ணா," என்றான் சிட்டிபாபு. "இது தளர நெய்யற நெசவு. மாசக்கணக்குல பண்ணிக்கினு இருந்தா கை இளகிடும். அப்பறம் பட்டுக்கு ஆவாது."

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். நெசவு தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் பொறாமை பிடித்த காதில் நிஜம் நிஜமாகப் போய்ச் சேர்வதில்லை. பேரில் பங்கு கேட்டுவிடுவேன் என்று பயப்படுகிறான் பயல் என்றுதான் ஆதிகேசவனுக்குப் பட்டது. கை இளகுமாம், கை! இந்தக் கையைப் பற்றி இவன் எனக்குச் சொல்கிறானா? மறுநாள் காலையில் பல் விளக்கின கையோடு கால்வாய்ப் பக்கம் நடந்தார். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே சொம்பில் கொண்டுபோனார். அந்த வீட்டுத் தண்ணீர் அவருக்கு ஆகாது என்ற எண்ணம் அப்போது இருந்தது.

முதலில் நெய்தது எல்லாம் மரப்பலகை போல விறைத்துக்கொண்டு வந்தது. அடிக்காதே என்று புத்தி சொல்லும், கை அடித்துவிடும். சிட்டிபாபு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பலகையை இழை மேல் கொண்டுபோய்ச் சாய்த்தால் போதும், அடிக்க வேண்டாம் என்று பொறுமையாகக் காட்டினான். அந்தப் பொறுமைதான் ஆதிகேசவனுக்குப் பிடிக்கவில்லை. திட்டினாலாவது சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நெய்ததைப் பிரித்தார், மறுபடி நெய்தார். அடுத்த தறியில் ஊடை இழையோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டையின் வேகத்தை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே நெய்தார். வேகத்தில் தோற்றார். துணியிலும் தோற்றார். தோற்கத் தோற்க உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மனசு வரவில்லை.

ஐப்பசி மழை கொட்டகைக்குள் அடித்தது. தீபாவளி போனது. சீனிவாசன் முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பினார். முகூர்த்த மாசம் வருகிறது, என் புடவைகள் என்ன ஆயிற்று என்று கேட்டார். பொங்கல் கழியட்டும் என்று ஆதிகேசவன் சொல்லியனுப்பினார். எப்போது என்று அவருக்கே நினைவில்லை, சொம்பு எடுத்துக்கொண்டு போவது நின்றுவிட்டது. அம்சா வைக்கிற தண்ணீரைத்தான் குடித்தார். டாக்டரம்மா அவர் துணியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் நின்றுவிட்டது. மற்றவர்கள் துணியோடு சேர்த்து ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏறின துணிக்கெல்லாம் சிட்டிபாபு துணி என்றுதான் பேர். அதில் எது தன்னுடையது என்று எவனுக்குத் தெரியும் என்று அன்றைக்கும் சாப்பிடாமல் படுத்தார்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டுச் சிட்டிபாபுவுக்கு மாலை போட்டார்கள். அவன் மைக்கின் முன்னால் நின்று வாய் குழறி, எல்லாரும்தான் பண்ணோம் என்றான். அதைக்கூட அடக்கம் என்று சொல்லித்தான் கைதட்டினார்கள். ஆதிகேசவன் கடைசியாகத் தட்டினார், முதலில் நிறுத்தினார்.

அத்தோடு ஆஸ்பத்திரித் தேவையும் குறைந்தது. கொட்டகைத் தறிகளைப் பிரித்தார்கள். ஆதிகேசவன் தன் வீட்டுத் தறியில், பாதியில் விட்ட பட்டின் முன்னால் உட்கார்ந்தார். பலகையை இழுத்து அடித்தார். அடுப்படியிலிருந்த காமாட்சியம்மாள் வெளியே வந்து பார்த்தாள். அத்தனை வருஷம் கேட்ட சத்தமாக அது இல்லை. அவர் தலையைத் தூக்காமல் அடுத்த இழையை ஓட்டினார்.

மாசியில் அந்தப் புடவை கடைக்குப் போனது. சீனிவாசன் கண்ணை மூடி விரலால் தடவினார். கண்ணைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக மடித்துக் கீழே வைத்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையாபா?" என்று கேட்டார்.

சரியாகத்தான் இருக்கிறது என்றார் ஆதிகேசவன். இதைக் கல்யாணப் புடவையோடு வைக்க முடியாது, சாதாரணப் புடவை வரிசையில் வைத்துக்கொள்கிறேன், இனிமேல் கொஞ்ச நாளைக்குச் சாதாரணப் புடவையே நெய்து கொடு என்றார் முதலாளி. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. அடுத்த புடவையும் அப்படித்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தால் இழை அறுந்தது, அறாமல் அடித்தால் தளர்ந்து நின்றது. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காததே அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கெட்டிக்கை என்ற பட்டப்பேரை அவர் காதுபடச் சொல்லாமல் ஜாக்கிரதையாகத் தவிர்த்தார்கள். அந்தப் பேரை வைத்துத்தான் அவர் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தார். வேறு சொத்து அவருக்கு எது?

அந்தச் சமயத்தில்தான் தாமலில் ஒரு ஜவான் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டார். பழனி என்று பேர், முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது, புண் இன்னும் முழுதாக ஆறவில்லை, நம்ம தெருவில் நெய்த துணியைத்தான் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கட்டுப்போடக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்று காமாட்சியம்மாள் சொன்னாள். அவன் அம்மா சிட்டிபாபு பேரைச் சொல்லி விளக்கேற்றுகிறாளாம் என்றும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுநாள் ஆதிகேசவன் தாமல் பஸ் ஏறினார். கை போய்விட்டது, பேராவது வேண்டாமா? போய்த் துணியைப் பார்க்க வேண்டும், தான் நெய்த துணியை இன்னது என்று தொட்டுக் காட்ட வேண்டும், இதில் பாதி என் கையம்மா என்று அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும். ஒரு வீட்டிலாவது தன் பேருக்கு விளக்கெரிய வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வார்த்தைகளை முன்னும் பின்னும் மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஏரி வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஏரிக்கரையை அடுத்த ஓட்டு வீடு. பழனி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்மா பூவம்மாள், காஞ்சிபுரத்து நெசவுத் தெருவிலிருந்து வருகிறேன் என்று இவர் சொன்னதுமே மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொதிக்கவைத்துத் துவைத்த கட்டுத்துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு ஆதிகேசவன் எழுந்துபோய் ஒன்றை எடுத்தார். வெயிலுக்கு எதிரே பிடித்தார். இழுத்துப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். இருட்டு அறையில் நூறு துணிக்கு நடுவில் தன் துணியைப் பொறுக்கி எடுக்கிற மனிதர் அவர். கொடியில் இருந்த எல்லாத் துணியையும் பார்த்துவிட்டார். எது சிட்டிபாபு, எது தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நன்றாக நெய்யக் கற்றுக்கொண்டுவிட்டோமா என்று ஒரு நொடி பெருமை வந்தது. அடுத்த நொடி, அப்படியானால் இனிமேல் அந்தப் பழைய கை திரும்பாது என்பதும் புரிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததில் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

கட்டு மாற்றுகிற நேரம் ஆகிவிட்டது, நர்ஸ் மேரி வருகிற பஸ்ஸை இன்னும் காணோம் என்று பூவம்மாள் தவித்தாள். அவளுக்குப் புண்ணைப் பார்க்கவே முடியாதாம். மேரி சொன்னபடி மருந்து வைத்துக் கட்ட வேண்டியதுதான், யாராவது பிடித்துக்கொண்டால் போதும் என்றான் பழனி. ஆதிகேசவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். பழைய துணியைப் பிரித்தார். வெட்டுப்பட்ட இடத்தில் புதுச் சதை ரோஸ் நிறத்தில் ஏறியிருந்தது. அவருக்கு அதுவரை காயத்துணி என்றால் துணிதான் தெரியும், காயம் தெரியாது. பழனி சொன்னபடி மருந்தை வைத்து, புதுத் துணியை எடுத்து, இழுக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றிக்கொண்டு வந்தார்.

பழனி கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்த கையை விட்டான். "வலிக்கவே இல்லைங்க," என்றான். "எல்லாரும் இறுக்கிடுவாங்க. உங்க கை ரொம்ப மெதுவா இருக்குது."

ஆதிகேசவன் வாழ்க்கையில் அவர் கையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. போன வருஷம் சொல்லியிருந்தால் சொன்னவனை அடிக்கப் போயிருப்பார். முடிச்சைப் போட்டுவிட்டு, கட்டு நழுவாமல் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

பூவம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இந்தத் துணி நெய்யற சிட்டிபாபுங்கறவரு உங்களுக்குத் தெரிஞ்சவருங்களா?"

பஸ்ஸில் தயார் பண்ணின வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எந்தத் துணியைத் தொட்டு அதைச் சொல்வது?

"தெரியும்மா," என்றார். "நான் அவருகூட நெய்யறவன்."

சொன்ன பிறகு வயிறு எரியத்தான் எரிந்தது. எரிச்சலோடேயே கொடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்துவந்து கட்டிலில் உட்கார்ந்து சுருட்டினார். அடுத்த கட்டு என்றைக்கு மாற்ற வேண்டும் என்று பழனியைக் கேட்டார்.